நான் போட்டுக் கொடுத்த நார்மல்

போன மாதம் பிரவீணா ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். ஒரகடத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் வேதியியல் ஆய்வுக்கூடத்தை இப்போது அவர்தான் கவனித்துக்கொள்கிறார். போட்டோவில் எங்கள் பழைய அலமாரி, அதில் பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் புது லேபிள். நான் இருந்தவரை அந்த லேபிள்களில் N/10 என்றும், கீழே தமிழில் நார்மல் என்றும் இருக்கும். N என்றால் நார்மல். ஒரு கரைசல் எவ்வளவு வீரியமானது என்று சொல்லும் பழைய அளவு அது. ஆய்வுக்கூடங்கள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டு மோலார் கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எங்களுடையதும் போய்விட்டது. போட்டோவுக்குக் கீழே, ‘நார்மலுக்கு விடை கொடுத்தாச்சு சார். தர மாத மலருக்கு நீங்க அதைப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தரணும்’ என்று இருந்தது. வருடா வருடம் தர மாதம் கொண்டாடும்போது தொழிற்சாலைக்குள் வெளியிடும் மலர் அது.

வேடிக்கையாக ஏதாவது எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்த பிறகு, அந்தச் சொல்லைப் பற்றி எழுதுவதாக இருந்தால் நடந்ததை எல்லாம் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. மலரில் இடம் இருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

காஞ்சிபுரத்தில் பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு அம்பத்தூரில் ஒரு சின்ன முலாம் பட்டறையில் சேர்ந்தேன். கையில் ஆசிட் பட்ட தழும்புகளைத் தவிர அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரகடத்தில் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்ததும் வாலாஜாபாத்தில் இருக்கும் என் வீட்டுக்கு அது பக்கம் என்பதால் இங்கே விண்ணப்பித்தேன், கிடைத்தது. வண்டிகளின் ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் இரும்பு ராடுகளுக்கு நாங்கள் குரோம் முலாம் பூசுகிறோம். பெரிய தொட்டிகளில் செம்மஞ்சள் நிறக் கரைசல். ராடுகளைச் சட்டங்களில் மாட்டி அதில் இறக்கி மின்சாரம் கொடுத்தால் குரோம் ஏறும். கரைசலில் குரோமிக் ஆசிட் எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொரு ஷிஃப்டும் சோதித்துச் சொல்வதுதான் என் வேலை.

அந்தச் சோதனையை எத்தனை ஆயிரம் தடவை செய்திருப்பேன் என்று தெரியாது. தொட்டியிலிருந்து வந்த மாதிரியைத் தண்ணீரில் நீர்க்கச் செய்து, ஒரு குடுவையில் கொஞ்சம் எடுத்து, ஆசிட் விட்டு, பொட்டாசியம் அயோடைடு சேர்த்தால் குடுவை முழுக்கக் கறுத்த பழுப்பாகிவிடும். மேலே கண்ணாடிக் குழாயில் N/10 தயோசல்பேட். குழாயின் திருகை இடது கையால் திறந்து, வலது கையால் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பழுப்பு வெளிறி வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் நிறுத்தி, நான்கு சொட்டு ஸ்டார்ச் விட்டால் குபீரென்று கருநீலம். அதற்குப் பிறகு அவசரப்படக் கூடாது. ஒவ்வொரு சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு சொட்டில் நீலம் மறைந்து, அடியில் ஒளிந்திருந்த இளம்பச்சை தெரியும். அந்தப் பச்சையைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஒரு சின்ன நிம்மதி இருக்கும். நார்மல் என்ற சொல்லுக்கு என் மனதில் இருந்த முதல் பொருள் அந்தப் பச்சைதான்.

இரண்டாவது பொருளில் மாட்டிக்கொண்டது கொஞ்சம் சிரிப்பான கதை. ராடுகளின் வடிவத்தை அளக்க ஒரு இயந்திரம் வாங்கினார்கள். நுனியில் சின்னச் சிவப்புக் கல் பதித்த ஒரு ஊசி மெல்ல வந்து ராடைத் தொட்டு அளவு சொல்லும். ஆள் பற்றாமல் என்னையும் அதில் பழகச் சொன்னார்கள். குறிப்பேட்டில் ‘பரப்பை நார்மலாகத் தொடவும்’ என்று இருந்தது. சாதாரணமாகத் தொட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். தட்டையான இடங்களில் ஒன்றும் ஆகவில்லை. ராடின் சரிவான முனையில் அளவு தினம் ஒரு விதமாக வந்தது. இயந்திரம் விற்றவர்களின் இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, என் ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்து, அதன் வளைவில் ஒரு பென்சிலை நிமிர்த்திப் பிடித்தார். பென்சில் எந்தப் பக்கமும் சாயாமல் அந்த இடத்துக்குச் செங்குத்தாக நிற்கும் திசைக்குக் கணக்கில் நார்மல் என்று பெயராம். ஹெல்மெட்டில் இடத்துக்கு இடம் அந்தத் திசை மாறும். பி.எஸ்சி.யில் படித்ததுதான். ஆய்வுக்கூடத்து நார்மல் அதை மறக்கடித்திருந்தது.

மூன்றாவது பொருளைச் சொல்ல தேன்மொழி மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரப் பிரிவின் தலைவராக அவர் வந்தபோது எனக்கு ஐம்பத்து மூன்று வயது, அவருக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது. குரலை உயர்த்த மாட்டார். வரைபடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் உட்கார்ந்து பார்க்க மாட்டார், எழுந்து நின்றுதான் பார்ப்பார். முதலில் கோட்டைப் பார்க்காமல் ஓரத்தில் இருக்கும் எண்களின் மேல் விரலை வைத்து, எதிலிருந்து எதுவரை என்று படிப்பார். பிறகு பென்சிலால் எழுதிய மூலப் பதிவேட்டைக் கேட்பார். யாராவது தவறு செய்துவிட்டு வந்து நின்றால், தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். இருவரும் ஒரே காகிதத்தை ஒரே பக்கமிருந்து பார்ப்போம். அப்படி உட்கார்ந்தவுடனேயே பாதி பயம் போய்விடும். மீதி பாதி அவர் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் திரும்பி வந்துவிடும்.

அவர் வந்த முதல் மாதம், குரோம் எவ்வளவு கனமாக ஏறியிருக்கிறது என்ற அளவுகளை வரைந்து எடுத்துப் போனேன். ஒரு லைனில் வரும் ராடுகளை அளந்து, எந்த அளவில் எத்தனை என்று குவித்துப் பார்த்தால், நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்து கோயில் மணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி வரும். அந்த வடிவத்துக்கும் நார்மல் என்றுதான் பெயர். சராசரியிலிருந்து மேலும் கீழும் இவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டு இரண்டு கோடு கிழிப்போம். அவற்றுக்குள் இருந்தால் லைன் வழக்கம்போல் ஓடுகிறது என்று அர்த்தம். அன்று என் மணி அழகாக வந்திருந்தது. எல்லாம் நார்மல் என்று சொன்னேன். மேடம் அதே காகிதத்தில் வாடிக்கையாளர் கேட்டிருந்த அளவைப் பென்சிலால் குறித்தார். மணி முழுவதும் அதற்குக் கீழே கிடந்தது. லைன் வழக்கம் மாறாமல், ஒழுங்காக, எல்லா ராடுக்கும் குறைவாகவே குரோம் ஏற்றியிருந்தது.

“இந்தக் கோடு லைன் தன்னைப் பத்தித் தானே சொல்லிக்கிறது. ராடு நல்ல ராடா இல்லையான்னு இதுக்குத் தெரியாது, கோதண்டம் சார்” என்றார்.

எனக்கு நன்றாகப் புரிந்தது. அடுத்த சில வருடங்கள் பயிற்சி வகுப்புகளில் இதையே மற்றவர்களுக்கு நான் பாடமாக நடத்தினேன். புரிந்துகொண்டவன்தான் நான் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். அடுத்துச் சொல்லப்போவதற்குத் தெரியாமல் செய்துவிட்டேன் என்ற சாக்கு கிடையாது.

தொழிற்சாலைக்குள் ஒரு மருத்துவ மையம் உண்டு. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நேரம் ஒரு சிஸ்டர் பார்த்துக்கொள்வார். குரோம் லைனில் வேலை செய்பவர்களின் சிறுநீரில் குரோமியம் எவ்வளவு இருக்கிறது என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வெளியே அனுப்பிச் சோதிப்பார்கள். அங்கிருந்து வெறும் எண் மட்டும்தான் வரும். ஒரு தணிக்கைக்கு முன்னால், நார்மல் அளவு என்ன என்று ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் இருந்தே ஆக வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சிஸ்டர் என்னிடம் வந்தார். கணக்கு, வரைபடம் என்றால் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள், எனக்கும் அதில் ஒரு பெருமை. அவர் கொடுத்த மூன்று வருடப் பட்டியலை வாங்கி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சராசரி எடுத்து, மேலும் கீழும் கோடு போட்டு, இதற்குள் இருந்தால் நார்மல் என்று எழுதிக் கொடுத்தேன். இது சரிதானே என்று அவர் கேட்டார். கணக்கு சரி என்றேன். டாக்டர் அந்தக் கட்டத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

எஸ்தர் அந்த லைனில் இருந்தவர். ஒப்பந்தத் தொழிலாளி, வாலாஜாபாத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமம், முப்பத்தைந்து வயதிருக்கும். முலாம் ஏறி வரும் ராடுகளைச் சட்டத்திலிருந்து கழற்றுவார். ஷிஃப்ட் ஆரம்பத்தில் தொட்டிகளின் மாதிரிகளை எனக்குக் கொண்டுவந்து கொடுப்பதும் அவர்தான். எல்லோரும் தொட்டி எண்ணை மூடியில் எழுதுவார்கள், அவர் பாட்டிலின் வயிற்றில் எழுதுவார். ஏன் என்று கேட்டதற்கு, “மூடி மாறிப் போவும் சார், பாட்டிலு மாறாது” என்றார். நான் வேலை பார்த்த இடங்களில் அதை யோசித்தவர் வேறு யாரும் இல்லை.

ஓய்வு பெற எனக்கு ஒரு வருடம் இருந்தபோது ஒரு காலை ஷிஃப்டில் பாட்டில்களை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். முகக் கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு, சாப்பாட்டுப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார்.

“சார், உங்க பாட்டில்ல நார்மல்னு எழுதிகீது. என் ரிப்போர்ட்லயும் நார்மல்னு போட்டுகீது. ரெண்டும் ஒண்ணா?”

இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அது கரைசலுக்கு, இது உடம்புக்கு என்றேன்.

“உடம்புக்குன்னா இன்னா அர்த்தம்?”

“உன் உடம்புல குரோமியம் எல்லாருக்கும் இருக்கிற அளவுலதான் இருக்குன்னு அர்த்தம்மா.”

“எல்லாருக்கும்னா யாருக்கு சார்?”

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று மாதமாக மூக்கில் ரத்தம் வருகிறதாம். காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாகப் பொருக்கு வருகிறதாம். நான்கு தடவை சிஸ்டரிடம் போயிருக்கிறார், காகிதத்தில் நார்மல் என்று இருப்பதால் களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். லீவு கேட்டால் சூப்பர்வைசர் நாடகமா என்கிறாராம். வீட்டுக்காரரும் காகிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாராம். இதையெல்லாம் புகாராகச் சொல்லவில்லை. வரிசையாகச் சொல்லிவிட்டு, காகிதத்தை மறுபடி அதே மடிப்பில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு லைனுக்குப் போனார்.

அவர் போனதும் கணினியில் அந்தப் பழைய கோப்பைத் திறந்தேன். எல்லோரும் என்று நான் சொன்னவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒரு பெயர்கூட வெளியாள் கிடையாது. அலுவலகத்திலிருந்து யாரும் இல்லை, கேன்டீனிலிருந்து யாரும் இல்லை. அத்தனை பேரும் அதே தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று அதே ஆவியைச் சுவாசித்தவர்கள். அவர்களின் சராசரியை எடுத்து, அதற்குப் பக்கத்தில் இருந்தால் நார்மல் என்று நான் எழுதியிருந்தேன். லைன் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட கோட்டை எடுத்து ஒரு பெண்ணின் உடம்புக்கு அளவாக வைத்திருந்தேன். வகுப்பில் பத்துத் தடவை இது தவறு என்று பாடம் எடுத்தவன்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். அடுத்த வாரம் பெரிய வாடிக்கையாளரின் தணிக்கை இருந்தது. எனக்கு ஒரு வருடம்தான் பாக்கி. டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, அவருக்குத் தெரியாததா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரியாகச் சாப்பிடவில்லை. என் மனைவி கேட்டதற்கு வெயில் என்றேன்.

மூன்றாம் நாளும் மாதிரிகளை வேறொருவர்தான் கொண்டுவந்தார். எண்கள் மூடியில் எழுதியிருந்தன. எஸ்தர் எங்கே என்று கேட்டேன். நேற்றும் இன்றும் வரவில்லை என்றும், நாளையும் வராவிட்டால் கான்டிராக்டர் பெயரை எடுத்துவிடப் போகிறார் என்றும் சொன்னார். மாதிரிகளை அப்படியே வைத்துவிட்டு தேன்மொழி மேடத்தின் அறைக்குப் போனேன்.

எதுவும் தயார் செய்துகொண்டு போகவில்லை. பட்டியலை மேசையில் வைத்து, இந்த நார்மல் நான் போட்டது, தவறாகப் போட்டுவிட்டேன் என்றேன். மேடம் நின்றபடி ஓரத்து எண்களைப் படித்தார். பெயர்களைப் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்து உட்கார்ந்தார். மறுபடி சொல்லச் சொன்னார், இந்தத் தடவை மெதுவாக. நான் சொல்லச் சொல்ல பென்சிலால் எழுதினார். எஸ்தர் கேட்ட கேள்வியை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டார்.

முதலில் கான்டிராக்டருக்குப் போன் செய்தார். எஸ்தரின் பெயர் இருக்க வேண்டும், வந்ததும் பேக்கிங்கில் போடுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்தார். அடுத்து டாக்டர். குரோமியத்துக்கு நிபுணர்கள் வெளியிட்ட வரம்பு ஏதாவது உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் டாக்டர், ரிப்போர்ட்டில் ஏற்கெனவே ஒரு எண் இருந்ததால் அதுதான் அது என்று நினைத்தாராம். அன்று மத்தியானமே அவர் வந்துவிட்டார்.

பிறகு லைனுக்குப் போனோம். தொட்டிகளின் விளிம்பில் நீளமான துளைகள் இருக்கும். தொட்டியிலிருந்து எழும் ஆவியை அவை உறிஞ்சிக் குழாய் வழியாக வெளியே அனுப்ப வேண்டும். மேடம் பாதுகாப்பு அலுவலகத்துப் பூஜை மாடத்திலிருந்து ஊதுபத்தி வாங்கி வரச் சொல்லி, கொளுத்தித் துளைகளின் அருகே பிடித்தார். முதல் தொட்டியில் புகை வளைந்து உள்ளே போனது. இரண்டாவதிலும் போனது. ராடுகளைக் கழற்றும் கடைசி முனையில் புகை நேராக மேலே எழுந்து, அங்கே நிற்பவரின் முக உயரத்தில் சுழன்றது. எஸ்தர் நிற்கும் இடம் அது. மின்விசிறி ஓடுகிறது என்று பராமரிப்புப் பதிவேட்டில் தினமும் டிக் அடித்திருந்தார்கள். ஓடத்தான் செய்தது. பெல்ட் தளர்ந்திருந்தது, குழாய்க்குள் பாதிக்கு மேல் படிந்து இறுகிப் போயிருந்தது.

தொழிற்சாலைத் தலைவரிடம் போனபோது மேடத்தோடு நானும் இருந்தேன். தணிக்கை வாரத்தில் லைனை நிறுத்துவது என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. எல்லா ரிப்போர்ட்டிலும் நார்மல் என்றுதானே இருக்கிறது என்று கேட்டார். அந்த நார்மல் நான் போட்டது சார் என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஏதாவது மேலே சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

மேடம்தான் பேசினார். “ராடுல குரோம் கொஞ்சம் குறைஞ்சாலே லைனை நிறுத்துறோம் சார். இது ஆளுங்க உடம்புல ஏறுது. நிறுத்திட்டு, ஏன் நிறுத்தினோம்னு ஆடிட்டர்கிட்டயே சொல்லிடலாம்.”

லைன் நான்கு நாள் நின்றது. குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், பெல்ட் மாற்றினார்கள், துளைகளின் உறிஞ்சும் வேகத்தை வாரா வாரம் அளந்து எழுத வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. தணிக்கைக்கு வந்தவர் நின்றிருந்த லைனைப் பார்த்தார், மேடம் சொன்னதைக் கேட்டார், இரண்டு குறிப்பு எழுதிக்கொண்டு போனார்.

இதற்கிடையில், குரோம் லைன் பக்கமே போகாத ஆட்களின் மாதிரிகளையும் சோதனைக்கு அனுப்பலாம் என்று நான் சொன்னேன். அலுவலகம், கேன்டீன், தோட்ட வேலை, அவர்களோடு மேடமும். எண்கள் வந்ததும் இரண்டு கூட்டத்தையும் ஒரே தாளில் வரைந்தேன். இரண்டு மணிகள் வந்தன. விளிம்பில் லேசாகத் தொட்டுக்கொண்டதைத் தவிர அவை தனித்தனியாக நின்றன. எஸ்தரின் எண் வலது பக்கத்தில் இருந்த குரோம் லைன்காரர்களின் மணியின் உச்சிக்குச் சற்றுத் தள்ளி இருந்தது. அந்தக் கூட்டத்துக்குள் வைத்துப் பார்த்தால் அவர் மிகச் சாதாரணமானவர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். முந்தின நாளே போனில் சொல்லியிருந்தேன். சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். அவர் கணவர் நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு உட்காராமல் நின்றார். நான் நடந்ததைச் சொன்னேன். கணக்கு எப்படித் தவறானது என்று இரண்டு பேருக்கும் புரியும்வரை சொன்னேன். எஸ்தர் எங்கேயும் குறுக்கிடவில்லை. முடித்ததும் அவர்தான் முதலில் பேசினார்.

“நீங்க வூடு தேடி வந்து சொன்னது சரி சார். ஆனா மூணு மாசமா என் மூக்கு பொய் சொல்லுதுன்னு நானே நெனச்சுக்கினு இருந்தேன். ராத்திரி தலகாணியில ரத்தத்தைப் பார்த்துட்டும், பேப்பர்ல நார்மல்னு கீதே, நமக்குத்தான் மனசு சரியில்லன்னு நெனச்சேன். அதுக்குத்தான் எனக்குக் கோவம் வருது.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து உள்ளே போனார். காபி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன். என்னை வழியனுப்ப வாசல்வரை வந்த அவர் கணவர், டாக்டரிடம் எப்போது கூட்டிப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

காது மூக்கு தொண்டை டாக்டர், மூக்கின் நடுச்சுவரில் பொட்டு அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்திருப்பதாகச் சொன்னார். அது இனி மூடாது. ஆனால் ஆவி படாமல் இருந்தால் அதற்கு மேல் பெரிதாகாது என்றார். எஸ்தர் ‘பேப்பரில் எழுதித் தாங்க’ என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பேக்கிங்கில் இரண்டு மாதத்தில் ரத்தம் நின்றது. என்னிடம் பழையபடி பேச ஆறு மாதம் ஆயிற்று. அது நியாயமான காலம் என்றுதான் நினைக்கிறேன்.

வேலையில் இருந்த எல்லோருக்கும் புது ரிப்போர்ட் கொடுத்து, டாக்டர் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பேசினார். இன்னும் ஐந்து பேரை லைனிலிருந்து மாற்றினார்கள். மீதமிருந்தவர்கள், நான் அந்தக் கட்டத்தைப் போட்டுக் கொடுத்த பிறகு வேலையை விட்டுப் போய்விட்டவர்கள். பதினொரு பேர். அவர்கள் பெட்டியில் எங்காவது நார்மல் என்ற காகிதம் இருக்கும். அவர்களைத் தேடிச் சொல்வதை நான் எடுத்துக்கொண்டேன். மேடம் உடனே அனுமதி கொடுத்தார், ஓய்வு பெற்ற பிறகும் தேடினேன்.

பலர் பக்கத்துத் தொழிற்சாலைகளில்தான் இருந்தார்கள். ஒருவரைச் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்துக்கு வெளியே ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருக்கும்போது பிடித்தேன். பெயர் பாஸ்கர். ஆட்கள் ஏறிக்கொண்டிருக்க, ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே நான் சொன்னதைக் கேட்டார். “மூக்குல அப்பப்போ விசில் சத்தம் வருது சார், எங்க பொண்ணு அதைக் கேட்டு சிரிக்கும். அது இதுதானா?” என்றார். அப்படியும் இருக்கலாம், டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்றேன். அன்றே மூன்று பயணிகளை இறக்கிவிட்டு என்னை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விட்டார். பயந்த அளவுக்கு இல்லை, புண்தான், ஆறிவிட்டது.

இப்படிப் பத்துப் பேரைப் பார்த்துவிட்டேன். பதினோராவது ஆள் சுடலைமுத்து. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்தில் நான்கைந்து பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தவர். எஸ்தருக்கு முன்னால் அதே கடைசி முனையில் பதினான்கு மாதம் ராடு கழற்றியவர். கான்டிராக்டரிடம் இருந்த போன் எண் வேலை செய்யவில்லை. அறையில் இருந்தவர்கள் கலைந்துபோய்விட்டார்கள். ஓசூர் போனதாக ஒருவர் சொன்னார், திருப்பூர் என்று இன்னொருவர்.

அவருடைய காகிதத்தில் நார்மல் என்றுகூட இருக்காது. பட்டியலில் அவர் எண் மற்ற எல்லோரையும் விட வெகு உயரத்தில் இருந்தது. கூட்டத்தோடு சேராத ஒரு புள்ளி தனியாக நின்றால் அளவெடுத்ததில் ஏதோ கோளாறு என்று அதை நீக்கிவிட்டுச் சராசரி எடுப்பது எங்கள் வழக்கம். அவர் எண்ணை நான் நீக்கினேன். பக்கத்தில், ‘சாம்பிள் கெட்டிருக்கலாம், மறுபடி எடுக்கவும்’ என்று எழுதினேன். மறுபடி எடுப்பதற்கு முன்னால் அவர் வேலையை விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்று யாரும் கேட்கவில்லை.

இந்த மலர் தொழிற்சாலைக்கு வெளியே போகாது என்று தெரியும். ஆனால் இதைப் படிப்பவர்களில் யாருக்காவது ஓசூரிலோ திருப்பூரிலோ ஒரு நண்பர் இருக்கலாம். ஒல்லியான ஆள், இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, பேச்சில் தென்காசி வாடை. பார்த்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். சுடலைமுத்து, எங்கே இருந்தாலும் ஒரு மூக்கு டாக்டரிடம் போய், குரோம் தொட்டியில் வேலை பார்த்தேன் என்று சொல்லுங்கள். உங்கள் சாம்பிள் கெட்டுப்போகவில்லை.